லயத்துக் கானும் சபைக் குழாயும்: மலையக டவுன்களை யார் சீர்ப்படுத்துவது?

கேள்வி, பெப்ரவரி 7

"நகரமயமாக்கல், அடிமட்ட மக்கள் முயற்சி என்று கராச்சி, மும்பாய், நைரோபிக் கதைகளையே பேசிக்கொண்டிருக்கிறார்கள். நம்முடைய மலையகத்தில் நகரம் எங்கே இருக்கிறது? அட்டன் ஒரு தெரு, தலவாக்கலை ஒரு தெரு, மிச்சமெல்லாம் தேயிலைத் தோட்டம். தோட்டத்து ஆட்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிரமதானம் (கூலியில்லாப் பொது வேலை) போட்டால் தீர்ந்துவிடும் குப்பைக்கும் தண்ணீருக்கும் ஏன் இவ்வளவு பேச்சு?" (கொட்டகலை வாசகர் ஒருவர்)

பெப்ரவரி 7, இரவு

நகரம் காகிதத்தில் இல்லை என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். இலங்கையில் மாநகர சபை அல்லது நகர சபை எல்லைக்குள் இருந்தால்தான் குடிசன மதிப்பீட்டில் அது நகரம். பிரதேச சபைக்குள் இருந்தால் எவ்வளவு பெரிய பஜாராக இருந்தாலும் கிராமம். 1987இல் பழைய பட்டின சபைகளை எடுத்துவிட்ட பிறகு கணக்கு இப்படித்தான் போகிறது. அதனால் அட்டன்-டிக்கோயா நகரம், தலவாக்கலை-லிந்துலை நகரம். பொகவந்தலாவை, மஸ்கெலியா, நோர்வூட், உங்கள் கொட்டகலை எதுவும் நகரக் கணக்கில் வராது. 2012 மதிப்பீட்டில் நாட்டில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்தான் நகரவாசிகள் என்று வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்கு மேல் மூன்றாவதாக ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள்: தோட்டத் துறை. 20 ஏக்கருக்குக் குறையாத காணி, அங்கேயே குடியிருக்கும் தொழிலாளர் பத்துப் பேருக்குக் குறையாமல் இருந்தால் அது தோட்டம். பஜாருக்குப் பின்னால் ஒரு கானை (கழிவுநீரும் மழைநீரும் ஓடும் வாய்க்காலை) தாண்டினால் அந்தப் பெட்டிக்குள் போய்விடுவோம். கானுக்கு அந்தப் பக்கம் இருக்கிற வீட்டில் அப்பா டவுனில் ஆட்டோ ஓட்டுகிறார், மகள் பார்மசியில் நிற்கிறாள், மகன் கொழும்புப் புறக்கோட்டையில் கடை வேலை. கொழுந்துக்குப் போவது அம்மா ஒருவர்தான். செலவு, வேலை, படிப்பு எல்லாமே டவுனோடு. குப்பை வண்டி மட்டும் கானோடு நின்றுவிடும்.

பெப்ரவரி 8

சிரமதானம் பற்றிப் பிறகு எழுதுகிறேன். அந்தச் சொல்லைக் கேட்டதும் கோபம் வருகிறது. முதலில் நடந்ததைச் சொல்லிவிடலாம்.

பெப்ரவரி 10

நான் வளர்ந்த லயம் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) அப்படிப் பஜாரை ஒட்டியதுதான். மேலே லயம், கீழே மெயின் ரோட்டோரமாகக் கடைவரிசை. ஒரு குடும்பத்துக்கு ஒதுக்கிய அறையான காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. முன்னால் இஸ்தோப்பு (திண்ணை), பின்னால் வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல் கான். ஆட்கள் பெருகப் பெருக ஒவ்வொரு வீடும் பின்பக்கமாகக் குசினியை இறக்கியது. குசினிக்குப் பக்கத்தில் குளிக்க ஒரு மறைப்பு. இப்படியே கான் குசினிகளுக்கு அடியில் போய்விட்டது. கீழே கடைக்காரர்களும் சும்மா இருக்கவில்லை, பின்சுவரை வருசத்துக்கு ஒரு அடி என்று பின்னால் தள்ளினார்கள். கான் மெயின் ரோட்டு மதகில் சேருகிற வாய் ஒரு கை நுழையும் அளவுக்குச் சுருங்கிவிட்டது.

மழை பிடித்தால் அந்த வாய் அடைக்கும். தண்ணீர் திரும்பி ஏறிக் கடைசி மூன்று வீட்டுக் குசினிக்குள் வரும். சவர்க்கார நுரை, சோற்றுப் பருக்கை, கீழே இறைச்சிக் கடையின் கோழி இறகு எல்லாம் அடுப்பைச் சுற்றி மிதக்கும். பிள்ளைகளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு இஸ்தோப்பில் விடியும்வரை உட்கார்ந்திருந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

தோட்டத்துக்கு எழுதினோம். அடைத்தது கடைக்காரர்கள், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றார்கள். சபைக்கு எழுதினோம். கான் ஓடுவது தோட்டக் காணியில், எங்களால் கை வைக்க முடியாது என்றார்கள். வீதிக்குப் பொறுப்பானவர்கள் மதகு எங்களுடையது, அதற்குள் வருகிற தண்ணீர் எங்களுடையது இல்லை என்று எழுதினார்கள். மூன்று பதிலும் பைலில் பத்திரமாக இருக்கின்றன. பிறகு அவை பயன்பட்டன, அதைக் கீழே சொல்கிறேன்.

கடைசியில் வேலையைத் தொடங்கியது லயத்தில் சீட்டுப் பிடிக்கிற பெண்கள். ஒரு மாதச் சீட்டை யாருக்கும் கொடுக்காமல் சீமெந்துக்கு ஒதுக்கினார்கள். பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் லயத்தை வரைந்தார்கள்: எந்தக் குசினி கானுக்கு மேல் எத்தனை அடி வந்திருக்கிறது, யார் வீட்டுக் கக்கூஸ் குழி எங்கே, எந்தக் குழாய் யார் வாசலில் திறக்கிறது. படம் வரைகிறபோதே சண்டை வந்தது. சண்டை வந்த இடத்தையெல்லாம் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள். அந்தச் சிவப்பு வட்டங்கள்தான் பிறகு வேலைப் பட்டியல் ஆனது.

குசினித் தரையை உடைக்க மனம் வராத வீடுகளுக்கு, தூக்கி எடுக்கக்கூடிய சிலாப் போட்டுக் கொடுத்தார்கள். தோட்டத்தில் வருசக்கணக்காகக் கான் வெட்டிய ஆட்கள் இருந்ததால் வாட்டம் பார்க்க எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. ஒரு வாளித் தண்ணீரை மேலே ஊற்றுவார்கள். எங்கே தயங்குகிறதோ அங்கே தரையைச் சுரண்டுவார்கள். மறுபடி ஒரு வாளி.

உள்ளே எல்லாம் முடிந்தது. கடைகளின் பின்சுவரோடு வேலை நின்றது. அங்கிருந்து மதகு வரைக்கும் இருந்த துண்டை எங்களால் தொட முடியவில்லை.

பெப்ரவரி 11

நான் சொல்ல வருவது முழுக்க அந்தக் கடைசித் துண்டைப் பற்றித்தான். கராச்சியை இழுப்பதும் அதற்காகத்தான்.

1980இல் கராச்சியின் ஒரங்கி என்ற ஏழைக் குடியிருப்பில் அக்தர் ஹமீத் கான் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். அரசாங்கம் வரும் என்று காத்திருந்த மக்களிடம் வேலையை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள். வீட்டுக் கழிப்பறை, சந்துக்குள் ஓடும் குழாய், சந்துகள் சேரும் சின்னக் குழாய் எல்லாம் மக்கள் பணத்திலும் உழைப்பிலும். பெரிய குழாயும் சுத்திகரிப்பும் அரசாங்கத்தின் தலையில். ஒரு சந்து என்றால் இருபது முதல் நாற்பது வீடு, அதற்கு ஒரு பொறுப்பாளர். திட்டக்காரர்கள் படமும் மதிப்பீடும் கருவியும் ஆலோசனையும் கொடுத்தார்கள், காசு கொடுக்கவில்லை. கொந்தராத்துக்காரரின் இலாபம் கழிந்ததும் செலவு பல மடங்கு குறைந்தது. பல்லாயிரம் வீடுகள் இப்படித் தங்கள் கழிவுநீரைத் தாங்களே சந்துக்கு வெளியே கொண்டுபோயின.

அதோடு நின்றிருந்தால் எங்கள் லயத்துக் கான் மாதிரிப் பாதியில் தொங்கியிருக்கும். அடுத்த கட்டத்தைச் செய்தவர் அதே திட்டத்தில் வேலை செய்த கட்டடக் கலைஞர் பர்வீன் ரஹ்மான். மாணவர்களை வைத்துக்கொண்டு குடியிருப்புகளையும் குழாய்களையும் ஓடைகளையும் படமாக்கினார். கழிவுநீர் உண்மையில் எந்த ஓடை வழியாகப் போகிறது என்பது படத்தில் தெரிந்ததும், அதிகாரிகளின் பழைய திட்டத்தை எதிர்த்துப் பேச மக்களுக்கு ஆதாரம் கிடைத்தது. காணி அபகரிப்பையும் தண்ணீர்த் திருட்டையும்கூட ஆவணப்படுத்தினார். 2013 மார்ச்சில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். கலண்டர்த் தாளில் வரைந்த அந்தப் படத்தை எடுக்கும்போதெல்லாம் எனக்கு அவருடைய நினைவு வரும்.

பெப்ரவரி 11, பின்னேரம்

ஒரு வித்தியாசத்தையும் சொல்ல வேண்டும். ஒரங்கியில் பத்திரம் இருந்ததோ இல்லையோ, வீடு கட்டினவன் அதைத் தன் வீடு என்று நினைத்துக் கட்டினான். நமக்கு லயத்தில் ஒரு சுவரை நகர்த்தவும் தோட்டத்து மனேஜரான துரையிடம் கேட்க வேண்டும். 1975இல் தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போயின, 1992இல் நிர்வாகம் கம்பெனிகளுக்குப் போனது, குடியிருப்பவர் கைக்குக் காணி வரவில்லை. நாளைக்கு யாருடையதாகும் என்று தெரியாத காம்பராவுக்கு ஏன் சீமெந்து போட வேண்டும் என்று எங்கள் லயத்திலும் ஒருவர் கேட்டார். அவர் கேட்டதில் என்ன பிழை?

பெப்ரவரி 13

சரி, சிரமதானம்.

எங்கள் பெண்கள் செய்ததும் ஒருவகையில் சிரமதானம்தான். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கேட்டவரிடம் ஒன்றைத்தான் கேட்கிறேன்: மெயின் ரோட்டில் கடை வைத்திருப்பவரை ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு வரச் சொல்கிறோமா? அவருடைய வாசலைக் கூட்டச் சபை சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறது. ஆறு நாள் மலையில் ஏறி இறங்கிய பெண்ணிடம்தான் ஏழாவது நாளையும் தானமாகக் கேட்கிறோம். அவளும் வாக்குப் போடுகிறாள். கடையில் வாங்கும் ஒவ்வொரு பெட்டி பிஸ்கட்டுக்கும் வரி கட்டுகிறாள்.

உழைப்பைக் கூலி கொடுத்து வாங்கின முன்மாதிரி நம் நாட்டிலேயே இருக்கிறது. 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டக் காலத்தில் கொழும்புத் தோட்டங்களில் (சேரிக் குடியிருப்புகளை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) சமுதாய அபிவிருத்தி சபைகள் அமைத்தார்கள். கான், கிணறு, பொதுக் கழிப்பறை கட்டுகிற வேலையை வெளிக் கொந்தராத்துக்காரருக்குக் கொடுக்காமல் அந்தக் குடியிருப்புச் சபைக்கே ஒப்பந்தமாகக் கொடுத்தார்கள். கட்டினவர்களுக்குக் கூலி, சபையின் கையில் மிச்சம், பிறகு உடைந்தால் திருத்தவும் ஆள் பக்கத்திலேயே. மலையகத்துக்கு அதைக் கேட்டு வாங்க வேண்டும். கான் வெட்டத் தெரிந்தவர்கள் நம்மிடம் இருக்கிற அளவுக்கு வேறு எங்கே இருக்கிறார்கள்?

பெப்ரவரி 16

"சபை ஏன் தோட்டத்துக்குள் வரவில்லை, சட்டமா சாக்கா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

நெடுங்காலம் சட்டமேதான். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில் 33ஆம் பிரிவு தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்கத் தடையாக இருந்தது. வாக்கு மட்டும் சபைக்கு, சேவை கிடையாது. மலையக அமைப்புகள் வருசக்கணக்காகக் கத்தியும் எழுதியும் 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அந்தக் காலத்திலேயே நுவரெலியா மாவட்டத்தில் அக்கரபத்தனை, கொட்டகலை, நோர்வூட், மஸ்கெலியா எனப் புதிய பிரதேச சபைகளும் வந்தன. பெரிய சபை ஒன்றின் மூலையில் கிடந்த தோட்டங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு சபைக் கட்டடம் வந்தது. இதை நான் சின்ன விசயமாக நினைக்கவில்லை.

எங்கள் கானின் கடைசித் துண்டு அதற்குப் பிறகுதான் அசைந்தது. கலண்டர்ப் படத்தைப் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு சுத்தமாகத் திருப்பி வரைந்தோம். மூன்று கடிதங்களையும் பின்னால் குத்தினோம். உள்ளே நாங்கள் செலவழித்த சீமெந்து, மணல், ஆள்கூலிக் கணக்கை மேலே வைத்தோம். சபை உறுப்பினர் ஒருவர் அதைக் கூட்டத்தில் தூக்கிக் காட்டினார். மூன்று பேரும் மாற்றி மாற்றிக் கைகாட்டியிருப்பது ஒரே கட்டில் இருந்ததால் யாராலும் இன்னொருவரைக் கைகாட்ட முடியவில்லை. சபை குழாய் வாங்கித் தந்தது, கடைக்காரர்கள் பின்சுவரை உள்ளே இழுத்தார்கள், ஒருவரைத் தவிர. அவர் கடையைச் சுற்றிக் குழாய் வளைகிறது. இப்போதும் அடைத்தால் அந்த வளைவில்தான் அடைக்கும்.

பெப்ரவரி 17

கேட்டவர்களுக்கு: கட்சி பெயர் சொல்ல மாட்டேன். எந்தக் கட்சி உறுப்பினராக இருந்தாலும் அந்தக் கட்டைக் கொடுத்திருப்போம்.

மார்ச் 1

கான் பேச்சைக் குப்பை, துர்நாற்றம் என்ற அளவில் முடித்துவிடாதீர்கள். மலையில் கான் அடைத்தால் உயிர் போகும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்து என்று அதற்கு முன்பே எச்சரித்திருந்தார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் என்ன செய்தது என்பதை இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. என்னால் இன்னும் அதைப் பற்றி நீளமாக எழுத முடியவில்லை.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு வைத்திருக்கும் அளவுகள் இவை: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பு, 100 என்றால் வெளியேற ஆயத்தம், 150 என்றால் வெளியேற வேண்டும். இதைக் கணக்காகப் பாருங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கூரை ஒன்றில் 150 மில்லிமீற்றர் பெய்தால் 1,600 லீற்றருக்கு மேல். பன்னிரண்டு காம்பரா லயத்துக்கு ஏறக்குறைய 20,000 லீற்றர், ஒரே நாளில், கூரையிலிருந்து மட்டும். அது கான் வழியாகப் போகாவிட்டால் லயத்துக்குக் கீழே உள்ள மண்ணுக்குள்தான் இறங்கும். அந்த மண்ணுக்குக் கீழே யாரோ கடைக்கு இடம் எடுக்கச் சரிவை நட்டுக்குத்தாக வெட்டியிருப்பார்கள். டவுன் வளர்கிறது என்று நாம் சொல்வதில் பாதி இப்படி வெட்டுவதுதான்.

மார்ச் 2

மழையை எப்படி அளப்பது என்று கேட்டவருக்கு. அடியும் வாயும் ஒரே அகலமான நேர்ச் சுவர்ப் பாத்திரம் எதுவும் போதும். வாளி சரிவராது, மேலே அகலம். சோடாப் போத்தல் என்றால் கழுத்தை வெட்டித் தலைகீழாகப் புனல் மாதிரி வையுங்கள். அடி வளைந்திருக்கும், கூழாங்கல் போட்டு வளைவு மறையும்வரை தண்ணீர் ஊற்றி அந்த இடத்தில் சுழியம் என்று கோடு கீறுங்கள். அதிலிருந்து அடிமட்டத்தை ஒட்டுங்கள். மரத்தடியும் கூரையோரமும் வேண்டாம், வெட்டையில் வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் பார்த்துக் கொப்பியில் எழுதுங்கள். மழை பலத்தால் இரவிலும் பார்க்க வேண்டும், அதற்கு முறை வைத்து ஆள் போடுங்கள். எங்கள் லயத்தில் இதை மரண உதவிச் சங்கம் எடுத்துக்கொண்டது. எல்லா வீடும் ஏற்கெனவே அதில் அங்கம், எல்லார் போன் நம்பரும் செயலாளரிடம் இருக்கிறது, புதிதாகச் சங்கம் கட்டத் தேவைப்படவில்லை.

டவுனில் இருக்கிற வெதர் செய்தியை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். ஒரு மலைக்கு அந்தப் பக்கம் கொட்டுகிற மழை இந்தப் பக்கம் தூறலாக இருக்கும்.

மார்ச் 9

"படம் வரைவதும் கணக்கெடுப்பதும் படித்தவர்கள் வேலை" என்று எழுதியவருக்கு, ஜோக்கின் அற்புதத்தைப் பற்றிச் சொல்கிறேன். கோலார் தங்கவயலில் பிறந்த நம்மாள். மும்பாய் ஜனதா காலனியில் வாழ்ந்தார். மாநகராட்சி குப்பை அள்ளவில்லை என்றதும் பிள்ளைகளைச் சேர்த்துக் குப்பையைப் பொட்டலம் கட்டிக் கொண்டுபோய் அலுவலக வாசலிலேயே போட வைத்தார். பிற்காலத்தில் சேரிவாசிகளின் தேசிய சம்மேளனத்தைக் கட்டியவர். மகிளா மிலன் என்ற பெண்கள் சேமிப்புக் குழுக்களோடு சேர்ந்து அவர்கள் செய்த வேலையின் முதுகெலும்பே கணக்கெடுப்புத்தான். அரசாங்கத்தின் கணக்கில் வராத நடைபாதைக் குடும்பங்களை அங்கேயே வாழ்ந்தவர்கள் வீடு வீடாக எண்ணினார்கள். எண்ணிக்கை கையில் இருந்ததால்தான் பேச்சுவார்த்தை மேசையில் இடம் கிடைத்தது. அவர் 2018இல் காலமானார். மலையகத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அவருடைய பெயர் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

நம்மிடம் எண்ண வேண்டியது நிறைய இருக்கிறது. பல லயங்களுக்கு வீட்டு இலக்கமே இல்லை, கடிதம் தோட்ட ஆபீசுக்குப் போய் அங்கிருந்து எப்போது வருமோ அப்போது வரும். விலாசம் இல்லாத வீட்டுக்குக் குப்பை வண்டிப் பாதையும் போட மாட்டார்கள்.

மார்ச் 15

ஒரு வாரமாக மனதில் கிடப்பது. சீட்டுக் குழு, மரணச் சங்கம், கோயில் கமிட்டி என்று நான் அடுக்குகிறேனே, இவற்றில் யார் இல்லை? வாடகைக்கு இருப்பவர்கள் இல்லை. பஜாருக்குப் பின்னால் இப்போது லயத்து மனிதர்களே காம்பராவின் பாதியை மறைத்துக் கடைப் பையன்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். வேறு தோட்டத்துப் பிள்ளைகள். கானுக்கு அவர்கள் தண்ணீரும் போகிறது, கூட்டத்துக்கு அவர்களைக் கூப்பிடுவதில்லை. செயலாளரிடம் இருக்கிற போன் நம்பர்களில் ஒன்றுகூட அவர்களுடையது இருக்கவில்லை. டித்வா இரவில் கதவைத் தட்டி எழுப்பியவர் பக்கத்து வீட்டு அக்கா, சங்கம் இல்லை. இதைச் செயலாளரிடம் சொன்னேன், வாடகைக்காரர்களை எழுதத் தொடங்கியிருக்கிறார். சந்தா வாங்காமல் எழுதலாமா என்பதில் இன்னும் வாக்குவாதம். என்னைக் கேட்டால் எழுதித்தான் ஆக வேண்டும்.

கொழும்பில் 80களின் இறுதியில் தொடங்கிய பெண்கள் வங்கி சின்னச் சின்னக் குழுவாகச் சேர்ந்து வாரச் சேமிப்பிலிருந்தே கடன் கொடுக்கிறது. அங்கே ஆதனம் இல்லாதவளும் அங்கத்தவராகலாம், காம்பரா யாருடையது என்ற கேள்வியே வராது. நம் சீட்டை அந்த வழிக்குக் கொண்டுபோகலாம் என்று நினைக்கிறேன்.

மார்ச் 28

கடைசியாக, புது வீட்டுக்காரர்களுக்கு. இந்திய உதவி வீடுகள் முதலில் 4,000, பிறகு 2017 மே மாதம் நோர்வூட்டில் அறிவித்த 10,000. ஒவ்வொன்றும் ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடி. லயத்தை விட்டு வெளியேறித் தனி வீட்டுக் கதவைச் சாவி போட்டுத் திறக்கிற சந்தோசத்தை நான் என் சொந்தக்காரர் வீட்டில் பார்த்தேன், அதற்கு ஈடில்லை. ஆனால் ஏழு பேர்ச் என்றால் ஏறக்குறைய 1,900 சதுர அடி. அதற்குள் வீடு, கக்கூஸ் குழி, தோட்டம், கூரைத் தண்ணீர் எல்லாம். வீடுகள் சரிவில் ஒன்றின் கீழ் ஒன்றாக நிற்கின்றன. மேல் வீட்டுக் குழி கீழ் வீட்டுக் குசினிக்கு நேரே இருக்கிற இடங்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். இன்னும் பத்து வருசத்தில் இவையும் டவுன் ஆகிவிடும், கீழே ஒரு கடைவரிசை வரும்.

காணி பார்க்க அழைக்கிற நாளிலேயே, அத்திவாரம் வெட்ட முன்னால், இந்த மூன்றையும் கேளுங்கள். கூரைத் தண்ணீர் எந்தக் கானில் விழுகிறது? கடைசி வீட்டுக்குக் கீழே அந்தக் கான் யாருடைய காணிக்குள் போகிறது? அந்தக் காணிக்காரர், தோட்டமோ சபையோ வீதிக்காரரோ, எழுத்தில் ஒத்துக்கொண்டிருக்கிறாரா? வாயால் சொன்னால் போதாது, கடிதமாக வாங்கிப் பைலில் போடுங்கள். எங்கள் கலண்டர்ப் படத்தின் பிரதி வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன். அதிலுள்ள வீட்டுப் பெயர்களை மட்டும் அழித்துவிட்டுத் தருவேன்.